நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களும் குற்றாலச் சீசன் வணிகமும்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, மலைத்தேன், மங்குஸ்தான், மூலிகை எண்ணெய் என ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி அப்போதுதான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். தேனில் பாகு கலந்திருப்பது வீட்டுக்குப் போனபின்தான் தெரியவரும். அதற்காக யாரும் திரும்பி வருவதில்லை.

கலப்படத்துக்கு எதிரான சட்டம் இங்கே பழையது. சென்னை மாகாணம் 1918இலேயே கலப்படத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1954இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. இப்போது இருப்பது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழங்களுக்குத் தடை இதன்கீழ்தான். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மூலிகைப் பாட்டிலின் லேபிளில் அச்சிடுவதும் 1954இன் இன்னொரு சட்டப்படி குற்றம்.

இவை விற்றவரைத் தண்டித்தன. ஏமாந்தவருக்குக் காசு திரும்பக் கிடைக்க வழி செய்யவில்லை. அந்த வழியை 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திறந்தது. ஆனால் கடை இருக்கும் இடத்திலோ, பொருள் வாங்கிய இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல்தான். அதுவரை குற்றாலத்து வழக்கென்றால் திருநெல்வேலிக்குப் போகவேண்டும். அரைக் கிலோ தேனுக்காகச் சென்னையிலிருந்து யார் வாய்தாவுக்கு அலைவார்கள்?

2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றது. இணைய வணிகம் பற்றிய பிரிவுகளே அதிகம் பேசப்பட்டன. ஆனால் சுற்றுலா ஊர்களைப் பொறுத்தவரை சொந்த மாவட்டத்தில் வழக்குத் தொடுக்கும் வசதியே பெரிய மாற்றம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

சீசனில் அடிக்கடி எழும் தகராறு தண்ணீர் பாட்டில். அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் வாங்கக்கூடாது. ஓட்டலில் உட்கார்ந்து குடித்தால் கதை வேறு: பரிமாறும் சேவையும் சேர்வதால் அந்த விலை கட்டுப்படுத்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதாரண வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை.

வழக்குத் தொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கேட்டு வாங்காதவர் தம் தரப்பை மெய்ப்பிப்பது கடினம்.