அடைப்பமும் ஆகாயப் பயணமும்

மனிதன் எந்நாடு சென்றாலும் தன் முகத்தையும் உடன்கொண்டே செல்கிறான். முகத்தில் நாள்தோறும் முளைக்கும் தாடியும் அவனை விட்டு நீங்குவதில்லை. ஆகவே, அதனை மழிக்கும் கத்தியும் பயணம் புறப்பட வேண்டியதாகிறது. கப்பலில் எவர் கண்ணையும் உறுத்தாத அக்கத்தி, வானூர்தி நிலைய வாயிலில் தடுத்து நிறுத்தப்படுவது ஏன்? இவ்வினாவுக்கான விடையில் ஒரு நூற்றாண்டின் வரலாறு அடங்கியுள்ளது. அவ்வரலாற்றில் கெடாத் தமிழருக்கும் ஓர் இடமுண்டு.

மூடா ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் கோத்தா கோலா மூடா. ஆற்றைக் கடந்தால் பினாங்கு மாநிலம். கெடாத் தோட்டங்களில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்கில் கரையிறங்கியவர்களே. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வழியில் மக்களைச் சுமந்தது. பால்மரம் வெட்ட வந்தவர்களோடு, அவர்தம் வாழ்வுக்குத் துணைநின்ற தொழிலாளரும் வந்தனர். நாவிதர் அவருள் ஒருவர்.

நாவிதரின் கருவிப் பைக்கு அடைப்பம் என்று பெயர். சவரக்கத்தி, கத்தரிக்கோல், தீட்டுக்கல், தோல்வார், நீர்க்கிண்ணம், படிகாரக் கல் ஆகியவை அதனுள் அடங்கும். குழந்தைக்கு முதன்முடி இறக்குவது முதல் இறப்பு வீட்டுச் சடங்கு வரை அவ்வடைப்பம் இன்றி எதுவும் நடவாது. அஃது ஒரு குடும்பத்தின் சோறு. ஒரு சமூகத்தின் சடங்கு.

கடற்பயணக் காலத்தில் அதிகாரிகளின் அச்சமெல்லாம் நோயைப் பற்றியதாகவே இருந்தது. அதனால்தான் இந்தியாவிலிருந்து வந்தோர் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் தனித்து வைக்கப்பட்டனர். சவரக் கருவிகளுள்ளும் அன்று ஐயத்துக்குரியதாக இருந்தது கத்தியன்று, தூரிகையே! முதல் உலகப் போர்க் காலத்தில், தூய்மை செய்யப்படாத விலங்கு மயிரால் ஆன சவரத் தூரிகைகள் வழியாக ஆந்த்ராக்ஸ் எனும் கொடுநோய் பரவியது. 1920ஆம் ஆண்டில் பிரிட்டன், ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடை செய்தது. ஒவ்வொரு காலமும் தனக்குரிய அச்சத்தைப் பயணியின் பெட்டிக்குள் தேடுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இதற்கிடையே கத்தியும் உருமாறிற்று. அமெரிக்காவில் ஊரூராகச் சென்று பொருள் விற்ற கிங் கேம்ப் ஜில்லெட் என்பார், தீட்டத் தேவையற்ற மெல்லிய பிளேடு ஒன்றை 1895ஆம் ஆண்டில் எண்ணிப் பார்த்தார். நிக்கர்சன் எனும் பொறியாளரின் துணையால் அவ்வெண்ணம் பொருளாயிற்று. 1903ஆம் ஆண்டில் விற்பனையானவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. மறு ஆண்டிலோ கருவிகளின் விற்பனை 90,000ஐத் தாண்டிற்று. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்க்கு அரசே இக்கருவியை வழங்கியது. பிடி வேறு, அலகு வேறு எனப் பிரித்ததே ஜில்லெட்டின் வெற்றி. பயணத்துக்கு அதனினும் ஏற்ற கருவி இல்லை என்று உலகம் கருதியது.

வானில் மனிதன் பறக்கத் தொடங்கியபின் அச்சமும் வேறாயிற்று. 1977 டிசம்பர் 4ஆம் நாள் மாலை, பினாங்கிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் புறப்பட்ட மலேசிய வானூர்தி கடத்தப்பட்டு, ஜொகூரின் தஞ்சோங் கூப்பாங்கில் வீழ்ந்தது. அதிலிருந்த 100 பேரும் மாண்டனர். கெடா மக்கள் தம் உறவினரை வழியனுப்பும் அதே பினாங்கு நிலையத்திலிருந்து எழுந்த வானூர்தி அது. பயணியைச் சோதிப்பது வீண் தொல்லையன்று என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

ஆயினும் சிறு கத்திகள் மீதான கண்டிப்பு உச்சம் அடைந்தது 2001 செப்டம்பர் 11க்குப் பின்னரே. அதுவரை நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்திகளை வானூர்தியினுள் கொண்டு செல்ல அமெரிக்க விதிகள் இடந்தந்தன. அன்றைய கொடுஞ்செயலுக்குச் சிறு கத்திகளே கருவியாயின. 2006ஆம் ஆண்டில் லண்டனில் வெளிப்பட்ட நீர்ம வெடிமருந்துச் சதியோ, சவர நுரைக்கும் நறுமண நீருக்கும் 100 மில்லி லிட்டர் என்னும் எல்லையைக் கொணர்ந்தது.

இன்றைய விதியின் உட்பொருள் எளியது. நெகிழித் தலைக்குள் பிளேடு பதித்த கருவியைப் பெரும்பாலான நிலையங்கள் கைப்பையில் அனுமதிக்கின்றன; தனியே கழற்றத்தக்க பிளேடும், மடக்குச் சவரக்கத்தியும் சரக்கறைப் பெட்டிக்கே உரியவை. கூர்மையன்று, கழன்று கைக்கு வருமா என்பதே கேள்வி. ஜில்லெட்டுக்கு வெற்றி தந்த அப்பிரிவினையே பின்னர்க் குற்றமாயிற்று. எனினும் அதுவே வழியும் காட்டுகிறது. பிளேடு நீக்கிய பிடியைப் பொதுவாகக் கைப்பையிலேயே கொண்டு செல்லலாம். பிளேடுகளைச் சென்ற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். கட்டிச் சவர்க்காரத்துக்கும் படிகாரக் கல்லுக்கும் நீர்ம எல்லை இல்லை. தூரிகையை மட்டும் நன்கு உலர்த்தியபின் வைத்தல் வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பற்றும்.

வேடிக்கையாகத் தோன்றும் இச்செய்தி, தொழிலாளிக்கு வேடிக்கையன்று. அயல்நாட்டு முடிதிருத்துநரை அமர்த்த மலேசிய அரசு 2023ஆம் ஆண்டில் மீண்டும் இசைவு தந்தது. கடல்வழி வந்த முன்னோர், தம் அடைப்பத்தைத் தலைமாட்டில் வைத்து உறங்கியிருப்பர். வான்வழி வருபவரோ தம் பிழைப்புக் கருவியைக் கண்ணுக்கெட்டாத சரக்கறையில் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு அமர்கின்றார். பெட்டி தவறினால் தவறுவது வெறும் இரும்பன்று. பழகிய பிடியும், பல்லாண்டு தீட்டிய அலகும், முதல் நாள் கூலியுமே.

எனினும் எந்தச் சோதனைக் கருவியும் பறிக்க இயலாத ஒன்று அவரிடம் உண்டு. பிறர் கழுத்தருகே கூரிய அலகை வைத்தும் ஒரு கீறல் படாமல் மழித்தெடுக்கும் கைப்பக்குவம் அது. கத்தியை ஐயுறுவது காலத்தின் கட்டாயமாயிற்று. அதனை ஏந்தும் கையை மதிப்பது என்றும் மக்களின் கடமையாகும்.