தள்ளிப்போன தேதியும் இடம் மாறிய வரியும்

இங்கிலாந்தின் வணிகச் சொத்துவரி, கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்து விதிக்கப்படுவது. 1988ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின்படி, 1990 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடந்துவந்தது. 2015இல் வர வேண்டியதை 2013இல் ஒரு சட்டம் இயற்றி 2017க்குத் தள்ளினார்கள். திடீர் வரி உயர்விலிருந்து வணிகர்களைக் காக்கவே இது என்றது அரசு. உண்மையில் ஒருவர் கட்ட வேண்டிய வரியை மற்றொருவர் தலையில் ஏற்றிய முடிவு அது.

மறுமதிப்பீட்டால் மொத்த வரி வருவாய் கூடுவதில்லை. மதிப்புகள் ஏறினால் விகிதம் இறங்கும், இறங்கினால் ஏறும். மாறுவது அவரவர் பங்குதான். ஒவ்வொரு மறுமதிப்பீட்டிலும் வரும் மதிப்புப் பட்டியல், அதற்கு முந்தைய ஒரு மதிப்பீட்டு நாளின் வாடகையை வைத்தே அமையும். 2010 பட்டியலுக்கு அந்த நாள் 2008 ஏப்ரல் 1. சில மாதங்களில் நிதி நெருக்கடி வெடித்தது. 2009 ஜனவரிக்குள் ஊல்வொர்த்ஸ் கடைகள் நாடெங்கும் மூடப்பட்டன. வட இங்கிலாந்தின் பல கடைத்தெருக்களில் வாடகை சரிந்தது, மத்திய லண்டனில் உயர்ந்தது. ஆனாலும் 2017 மார்ச் 31 வரை இரண்டு இடத்திலும் வரி 2008 வாடகைக்கே. ஆண்டு வாடகை 20,000 பவுண்டு என்று மதிப்பிடப்பட்ட ஒரு கடையைப் பாருங்கள். 2016-17இல் பவுண்டுக்கு 49.7 பென்ஸ் வீதம் வரி 9,940 பவுண்டு. அதற்குள் வாடகை 12,000ஆகச் சரிந்திருந்தால், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான தொகை தனியே வரிக்குப் போகும். கட்டட உரிமையாளர் வாடகையை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கடைக்கு ஆள் வருவது கடினம்.

2015இல் மறுமதிப்பீடு நடந்திருந்தால் 8 லட்சம் இடங்களுக்கு வரி ஏறியிருக்கும், 3 லட்சம் இடங்களுக்கே குறைந்திருக்கும் என்று அரசு வாதிட்டது. மொத்தம் மாறாதபோது, அந்த 3 லட்சம் பேர் மிகையாகக் கட்டிய தொகைதானே 8 லட்சம் பேர் பெற்ற ஆறுதல்? நிலைத்தன்மை என்ற வாதமும் நிற்காது. 1973க்குப் பின் 17 ஆண்டுகள் மறுமதிப்பீடே இல்லாததால்தான் 1990இல் அதிர்ச்சி அவ்வளவு பெரிதாக இருந்தது. அதைத் தணிக்க வந்த இடைக்கால ஏற்பாடு வரிக் குறைப்புக்கும் வரம்பு கட்டியது. ஏற்கெனவே மிகையாகக் கட்டியவர்கள் மீண்டும் காத்திருந்தார்கள். இங்கிலாந்தில் அந்த வரம்பு 2023 பட்டியலோடுதான் நீங்கியது.

எல்லாத் தள்ளிவைப்பும் தவறல்ல. 2021 பட்டியல் 2023க்குப் போனபோது மதிப்பீட்டு நாளும் 2019இலிருந்து 2021 ஏப்ரலுக்கு நகர்ந்ததால், பெருந்தொற்றின் தாக்கம் பட்ட வாடகையே கணக்கில் வந்தது. அதை நான் ஏற்கிறேன். பட்டியல் தேதியைவிட மதிப்பீட்டு நாளுக்கும் அதற்கும் உள்ள தொலைவே முக்கியம். 2023ஆம் ஆண்டுச் சட்டம் மறுமதிப்பீட்டை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றாக்கியது நல்ல மாற்றம். ஆனால் 2026 பட்டியலுக்கு மதிப்பீட்டு நாள் 2024 ஏப்ரல் 1. அதன் கடைசி ஆண்டு வரி ஏறத்தாழ ஐந்தாண்டுப் பழைய வாடகைக்கே விதிக்கப்படும். பட்டியல் தேதி சட்டத்தில் இருக்க, மதிப்பீட்டு நாளை அமைச்சரின் ஆணையே தீர்மானிக்கிறது. ஓராண்டுக்கு மேற்படாத இடைவெளியைச் சட்டத்திலேயே எழுதலாம். மதிப்பீட்டு அலுவலர்களுக்கு அவகாசம் போதாது என்பார்கள். வாடகை விவரங்களை வரி செலுத்துவோரே தெரிவிக்கும் கடமையை அதே 2023ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் அந்தத் தடையும் பெருமளவு தளரும்.