இராவணன் வெட்டு

ஈழத்தின் கீழைக்கரையில், திருக்கோணமலை நகரை அடுத்துக் கடலுள் நீண்டு நிற்பது கோணேசர் மலை. ஒருபுறம் மட்டும் நிலத்தோடு ஒட்டியிருக்கும் இம்மலை, கடல்நோக்கிய பக்கத்தில் செங்குத்தாக அலைகளுக்குள் இறங்குகிறது. அதன் பக்கவாட்டில், வாளால் பிளந்தது போன்ற ஆழ்ந்த பிளவொன்று உண்டு. ஊரார் அதனை இராவணன் வெட்டு என்பர். கோணேசரை வணங்கச் செல்வோர் இப்பிளவை எட்டிப் பார்க்காமல் மீள்வதில்லை. ஆயினும், அத்தலத்தின் வரலாற்றில் அது பெற்றுள்ள இடத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கதை யாவரும் அறிந்தது. இராவணனின் தாய் நாள்தோறும் சிவலிங்கத்தை வழிபட்டு வந்தவள். அவள் தளர்ந்தபோது, கோணநாதரையே அவளிடம் கொண்டு செல்ல மகன் துணிந்தான். மலையை வாளால் வெட்டிப் பெயர்க்க முற்பட்டான். இறைவன் அவனைத் தடுத்தான். வெட்டிய தழும்பு மட்டும் எஞ்சியது. பின்னர்த் தாய் இறந்தாள் எனக் கேட்டு, அவளுக்கு நீர்க்கடன் செய்ய அவன் நிலத்தைக் குத்திய ஏழிடங்களிலும் நீர் பொங்கியது. அவையே நகருக்கு வடமேற்கிலுள்ள கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் என்று கதை தொடரும். மலையின் தழும்பையும் நிலத்தின் வெம்மையையும் ஒரு மகனின் துயரத்தால் இணைத்த கற்பனை அது.

இக்கதையின் வேரைத் தேடுவோர் தேவாரத்திற்குச் செல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். அவர் இராமேச்சுரத்தில் இருந்தவாறே பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. கடலைக் கடவாத அவர் பாட்டில், கோணமலையின் அலை ஒலிக்கிறது. முத்தைக் கரையில் ஒதுக்குகிறது. தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணனைச் சுட்டுவது சம்பந்தரின் வழக்கம். கோணமலைப் பதிகமும் அவ்வழக்கினின்று விலகவில்லை. ஆனால் அங்கு வருபவன் கயிலையை எடுத்து, இறைவனின் விரலால் செருக்கழிந்த இராவணன். கோணமலையை அவன் வெட்டிய செய்தி அப்பதிகத்தில் இல்லை.

பிற்காலத்தில் இத்தலம் தட்சிண கயிலாயம் எனப் போற்றப்பட்டது. அப்பெயரால் புராணமும் எழுந்தது. கயிலாயம் தெற்கே வந்தபோது, அதனைப் பெயர்க்க முயன்றவனும் உடன் வந்தான் எனக் கொள்வது பொருந்தும். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வடகயிலையில் அவனைச் செலுத்தியது செருக்கு. இங்கே தாய்மீது கொண்ட அன்பு. இம்மாற்றமே ஊர்மக்கள் அக்கதைக்கு அளித்த கொடை.

இக்கதை வெறும் அழகாக நின்றுவிடவில்லை. 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தார். தமிழ்ப் புத்தாண்டு நாளில், திருவுருவம் நகர்வலம் சென்றிருந்த வேளையில் இது நிகழ்ந்தது என்பது மரபுச் செய்தி. கோயிற் கற்கள் கோட்டைச் சுவராயின. பல கடலில் வீழ்ந்தன. அக்கோட்டை 1639 இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, 1803 இல் பிரெடரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. அதன் வாயிலைக் கடப்போர் இரட்டைக் கயல் பொறித்த கல்லையும், சிதைந்த தமிழ்க் கல்வெட்டையும் காண்பர். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னர்க் குலைப்பர் என்பது அதற்குக் கூறப்படும் பொருள். அது முன்னறிவிப்போ, நிகழ்ந்தபின் பொறித்த புலம்பலோ, எதுவாயினும் இடித்தவன் எழுப்பிய சுவரிலேயே இடிபட்டவர் சொல் நிற்கிறது.

கோயிலற்ற அந்த மலையில் வழிபாடு ஒழியவில்லை. பாறை விளிம்பில் நின்று அருச்சகர் காணிக்கைகளைக் கடலில் இட்டு வழிபட்டதை, 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் எமர்சன் தெனன்ட் எழுதியுள்ளார். கோபுரம் இல்லை, கருவறை இல்லை. மலை இருந்தது, பிளவு இருந்தது, அவற்றோடு பிணைந்த கதை இருந்தது. கோயிலைத் தகர்த்த படையால் பிளவைத் தகர்க்க இயலவில்லை. இன்னது இவ்விடம் என்று தலைமுறைகளுக்கு உரைத்தவை அப்பிளவும், ஓதப்பட்ட பதிகமும், கோயிற் கடமைகளை வகுத்துரைத்த கோணேசர் கல்வெட்டு என்னும் நூலுமே ஆகும்.

மண்ணும் கடலும் தாம் காத்தவற்றைப் பின்னரே திருப்பித் தந்தன. 1950 இல் கிணறு தோண்டியபோது சோமாசுகந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். புதிதாக எழுந்த கோயிலுக்கு 1963 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதன்பின் வந்த நீண்ட போர்க்காலத்தில் இம்மலைக்குச் செல்லும் வழி பலருக்கு அரிதாயிற்று. 2009 க்குப் பின்னரே வெளியூரார் மீண்டும் திரளாக வரலாயினர்.

வருவோரிடையே இன்று இருவகைப் பிழை காணப்படுகிறது. இராவணன் வெட்டைத் தொல்லியற் சான்றாக்கி, அதற்கு ஆண்டும் குறிப்போர் ஒருசாரார். பழம்பாறை தன் வெடிப்பின் வழியே பிளந்தது என்பதோடு அமைந்து, கதையைப் பொய்யெனத் தள்ளுவோர் மற்றொருசாரார். முன்னவர் வரலாற்றைக் கெடுக்கின்றனர். பின்னவர் முந்நூறு ஆண்டுகள் ஒரு மக்களுக்குக் கோயிலாக நின்றது எதுவென அறியாமற் போகின்றனர். பாறையைப் பிளந்தது இயற்கை. அப்பிளவு மறக்கப்படாமற் காத்தது கதை.

குன்றின் விளிம்பிலுள்ள மரத்தில், மகப்பேறு வேண்டுவோர் சிறு தொட்டில்களைக் கட்டிச் செல்கின்றனர். தாயின்பொருட்டு மகன் வெட்டிய மலையில், மகவின்பொருட்டுத் தாயர் தொட்டில் கட்டுகின்றனர். அக்கதை இன்னும் முடியவில்லை.