வண்டி வருவதைச் சொல்வது யார் பொறுப்பு? தேவதானப்பட்டிச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டுக்கல்லில் கிளம்பி வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் புகுந்து குமுளி ஏறும் சாலையை வண்டிகளைப் போலவே கால்களும் நெடுங்காலமாக ஆண்டுவந்திருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கும் போகும் பாதயாத்திரைக் கூட்டம் இன்றும் இதன் ஓரத்தில்தான் நடக்கிறது. முதுகுக்குப் பின்னால் வண்டி வருவதை இவர்களுக்கு யார் தெரிவிப்பது? காலந்தோறும் இதற்குக் கிடைத்த விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மாட்டுவண்டிக் காலத்தில் அந்தப் பொறுப்பு வண்டியிடம் இருந்தது. மாட்டின் கழுத்துச் சலங்கை, இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தின் கடகடப்பு, வண்டிக்கு அடியில் ஆடிய அரிக்கேன் விளக்கு: வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் இவை விழித்திருந்தன. இயந்திர வண்டிகள் வந்தபோது பிரிட்டனின் 1865ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியில்தான் சிந்தித்தது. வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஓர் ஆள் செங்கொடியுடன் நடக்க வேண்டும் என்றது. 1896இல் அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் விலகியது.

பிறகு ஹாரன் வந்தது. முதலில் கையால் அமுக்கும் ரப்பர் பந்து ஹாரன். 1908 முதல் மின்சாரத்தில் அலறும் கிளாக்சன். என் பார்வையில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். ‘வருகிறேன்’ என்று அறிவித்த ஒலி, ‘ஒதுங்கு’ என்று அதட்டத் தொடங்கியது. தேவதானப்பட்டிக்கு அருகே காட்ரோட்டில் பிரிந்து கொடைக்கானல் ஏறும் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் உயிர் காக்கும் கருவி. அதே ஹாரன் கடைவீதியில் நடப்பவரைத் திடுக்கிட வைக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி பலகுரல் ஹாரன்களையும் காதைத் துளைக்கும் ஒலியையும் தடை செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், தேவையின்றி ஹாரன் அடித்தால் முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம் என்றது.

மின்சார வாகனங்கள் பிரச்சினையைத் தலைகீழாக்கின. மெதுவாக ஓடும்போது அவற்றில் ஏறக்குறைய ஓசையே இல்லை. செவியையே நம்பிச் சாலை கடக்கும் பார்வையற்றோர்தான் முதலில் குரல் கொடுத்தார்கள். 2010இல் ஜப்பான் வழிகாட்டுநெறி வகுத்தது. 2011 ஜனவரியில் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்குச் செயற்கை ஒலியைக் கட்டாயமாக்கியது. ஐ.நா.வின் 138ஆம் ஒழுங்குவிதி 10 கி.மீ. வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20 கி.மீ.யில் 56 டெசிபல் கேட்கிறது. வேகம் கூடக்கூட ஒலியின் சுருதியும் ஏற வேண்டும். வண்டி விரைகிறதா, நிற்கப்போகிறதா என்பதைக் காதே கணித்துவிடும். 20 கி.மீ.க்கு மேல் டயரின் இரைச்சலே போதும். ஹாரனைப் போல ஓட்டுநர் நினைத்தால் மட்டும் ஒலிப்பதல்ல இது. சலங்கையைப் போல வண்டி நகர்ந்தாலே ஒலிப்பது.

மத்திய அரசு 2025 செப்டம்பரில் இதற்கான வரைவை வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் 1, ஏற்கெனவே உற்பத்தியில் உள்ளவற்றுக்கு 2027 அக்டோபர் 1 என்று நாள் குறித்தது. ஆனால் அது கார், பேருந்து, சரக்கு வாகனங்களை மட்டுமே தொடுகிறது. தேவதானப்பட்டி போன்ற ஊரின் கடைவீதியில் ஒரு மூதாட்டியின் தோளை உரசிக்கொண்டு ஓசையின்றி வருவது பெரும்பாலும் மின்சார ஸ்கூட்டராகவோ ஆட்டோவாகவோதான் இருக்கும். இவ்விரண்டையும் சேர்க்காத விதி, நகரத்துக் கார்களைப் பார்த்து எழுதிய விதி. அவற்றையும் சேர்த்தே இறுதி செய்ய வேண்டும்.