ராசாவுக்கு மூன்று, ஏவலனுக்கு முப்பது



அப்புத்தளை ஒரு மலையின் முதுகின்மீது அமைந்த ஊர். வடபுறம் ஊவாவின் மலைக் கிண்ணம். தென்புறம் கீழ்நாடு நோக்கிச் சரிந்திறங்கும் பெரும் பள்ளம். மூடுபனி எந்தப் பக்கத்திலிருந்து ஏறிவரும் என்று அவ்வூரார்க்கே சொல்ல இயலாது. மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டிய மழைநாட்களில், லயத்துக் காம்பராவில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நால்வர் வட்டமாய் அமர்ந்து சீட்டாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது 304 என்னும் ஆட்டமாகவே இருக்கும்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஆடுகிறவர்களே சற்றுத் தயங்குவர். கணக்கு எளிது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. இம்மதிப்புகளை மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். ராசாவும் ராணியும் ஒருங்கே சேர்ந்தாலும் ஐந்துதான். ஏவலனாகிய ஜாக்கியோ தனியொருவனாய் முப்பது!

இந்தத் தலைகீழ்ச் சட்டம் நம்மவர் கண்டுபிடித்ததன்று. ஒல்லாந்து நாட்டில் ஆடப்படும் கிளாவர்யாஸ் என்னும் ஆட்டத்திலும் துரும்பு இனத்தின் ஏவலனே தலைச்சீட்டு. இலங்கையின் சீட்டுக்கட்டில் ஒல்லாந்தர் விரல் பதிந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. சிங்களத்தில் நால்வகைச் சீட்டுகளுக்கும் வழங்கும் இஸ்கோப்ப, ஹாரத, ருவித, கலாபர என்னும் பெயர்கள் ஒல்லாந்த மொழியிலிருந்து மருவியவை. கோட்டைகளை விட்டு அவர்கள் போய் இருநூறு ஆண்டுக்கு மேலாயிற்று. சீட்டு மட்டும் போகவில்லை.

துரை, பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை என்று மனிதரைப் படிப்படியாய் அடுக்கி வைத்த தோட்டத்தில், ராசா மூன்றும் ஏவலன் முப்பதுமான ஆட்டம் இரவுதோறும் நடந்துவந்தது வியப்பன்றோ? ஆடியவர்கள் இதை எண்ணித்தான் ஆடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டைக் கையில் பிடித்தவர் தோற்காதிருப்பதைப் பற்றி மட்டுமே எண்ணுவார். ஆயினும் எல்லாவற்றையும் தலைகீழாக்கிப் பார்க்கும் துணிவு சீட்டின் இயல்பிலேயே இருக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் செய்தி அதைப் பற்றியது.

சீட்டு ஒருபுறம் இருக்க, நம் தோட்டங்களில் வேறொரு வகை ஆட்டமும் உண்டு. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் தொடங்கும் காமன் கூத்து அது. மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் ஏற்பவர்கள் விரதம் இருப்பர். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான். இறுதியில் சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான். காலையில் கொழுந்து நிறுத்த அதே மனிதர் இரவில் தேவராய் நிற்பார். இடையிடையே குறவனும் குறத்தியும் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவர். விரதமும் சிரிப்பும் ஒரே களத்தில் நின்றன. ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாக எவரும் குறைகூறவில்லை.

பாத்திரம் ஏற்பது ஒன்று, சீட்டாடுவது மற்றொன்று என்றே நாம் கருதிவந்தோம். இவ்விரண்டும் அமெரிக்காவில் சந்தித்துக்கொண்டன. சந்திப்பதற்கு வழிகோலியது நம் பாரதத்து விளையாட்டு ஒன்று. சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய், அரபு நாடுகளைக் கடந்து ஐரோப்பாவை அடைந்தது யாவரும் அறிந்ததே. 1780இல் ஹெல்விக் என்னும் செருமானிய ஆசிரியர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கிப் போர்ப் பயிற்சிக்குரிய ஆட்டமாக மாற்றினார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகளுக்கு ரைஸ்விட்ஸ் என்பவரின் போராட்டம் வந்தது. அங்கிருந்து பொம்மைப் படைகளை வைத்து ஆடும் பழக்கம் பரவிற்று. ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு வீரனை நான் நடத்தினால் என்ன என்ற கேள்வி பிறந்தபோது, பாத்திரமேற்கும் விளையாட்டு உருவாகியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அவ்வகையில் அச்சேறிய முதல் ஆட்டம்.

அதில் மேடையில்லை, ஒப்பனையுமில்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர் தத்தம் பாத்திரமாய் நின்று, "நான் கதவைத் திறக்கிறேன்" என்பார். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட ஒரே கதை தொடரும். நம் கூத்தைப் போலவே இதற்கும் பொறுமை வேண்டும். உடன் ஆடுபவர் மீது நம்பிக்கை வேண்டும்.

இவ்வழியில் வந்ததுதான் பைசோ என்னும் பதிப்பகம் 2017இல் வெளியிட்ட ஸ்டார்ஃபைண்டர். விஞ்ஞானமும் மாயமந்திரமும் கலந்த உலகம் அது. விண்கப்பலும் உண்டு, மந்திரவாதியும் உண்டு. எலிமுக மனிதரும், நான்கு கையுடையோரும், பல்லியினத்து வீரரும் ஒரே நிலையத்தில் சந்தை கூடுவர். விதிநூல் மட்டும் ஐந்நூறு பக்கத்துக்கு மேல். அக்கதையின் நடுவில் இருப்பது ஓர் இழப்பு. கொலாரியன் என்னும் தாயகக் கோள் மறைந்துவிட்டது. அது எப்போது, ஏன் மறைந்தது என்பதற்கு ஏடு இல்லை. எவர் நினைவிலும் இல்லை. வரலாற்றில் அப்படியொரு வெற்றிடம். கோள் இருந்த இடத்தில் ஒரு விண்நிலையம் மிதக்கிறது. மக்கள் அங்கே கடைவைத்துப் பிழைக்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் நினைவு அப்புத்தளைக்கே திரும்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் முன் நின்ற நம் முன்னோரிடம், பாட்டன் பிறந்த இடத்துக்குப் பத்திரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று பங்கிட்டார்கள். சீட்டுக் கட்டைக்கூட இதைவிடக் கவனமாகப் பங்கிடுவார்கள். ஏடற்ற வரலாறு என்பது நமக்குக் கற்பனைக் கதை அன்று.

இத்தகைய கனத்த கதையைத்தான் சில ஆண்டுகளுக்குள் சிரிப்புச் சீட்டாக மாற்றினார்கள். மாற்றியவர்கள் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்னும் டெக்சஸ் மாநிலத்து நிறுவனத்தார். அவர்களுடைய மஞ்ச்கின் என்னும் சீட்டாட்டம் 2001இல் வெளிவந்தது. ஸ்டீவ் ஜாக்சன் அமைத்தது, ஜான் கோவாலிக் படம் வரைந்தது. மஞ்ச்கின் என்பது ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் நாட்டுக் கதையில் வரும் சிறு மனிதருக்குப் பெயர். பின்னாளில் கதையைப் பற்றிக் கவலையின்றித் தன் பாத்திரத்தின் வலிமையை மட்டும் பெருக்கிக்கொள்ளும் பேராசைக்கார ஆட்டக்காரரை அச்சொல்லால் கேலி செய்தனர். அந்தக் கேலியையே ஆட்டமாக்கினார் ஜாக்சன். 2002இல் விண்வெளிக்கும், 2013இல் ஸ்டார்ஃபைண்டரின் மூத்த உடன்பிறப்பாகிய பாத்ஃபைண்டருக்கும் இவ்வாட்டம் சென்றது. பின்னர் ஸ்டார்ஃபைண்டரின் முறையும் வந்தது.

மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? முதலில் கதை நடத்துநரை நீக்கிவிட்டனர். அவருக்குப் பதிலாக இரண்டு சீட்டுக் குவியல்கள்: ஒன்று கதவு, மற்றொன்று புதையல். முறை வந்தவர் கதவுச் சீட்டைத் திறப்பார். அரக்கன் இருந்தால் சண்டை. தம் படிநிலையையும் ஆயுத மதிப்பையும் கூட்டினால் அரக்கனைவிட மிக வேண்டும். போதாவிடில் பக்கத்திலிருப்பவரிடம் உதவி கேட்கலாம். அவர் சும்மா வரமாட்டார், புதையலில் பங்கு பேசுவார். அதே வேளையில் எதிரே இருப்பவர் ஒரு சீட்டைப் போட்டு அரக்கனுக்கு வலிமை கூட்டிவிடுவார். எல்லாரும் முதற்படியில் தொடங்குவர். பத்தாம் படியை முதலில் அடைந்தவர் வென்றார். ஆயிரம் பொன் பெறுமதியுள்ள பொருளை விற்றால் ஒரு படி ஏறலாம். ஆயினும் பத்தாம் படியை மட்டும் விலைக்கு வாங்க முடியாது. அரக்கனைக் கொன்றே ஏற வேண்டும். முறை முடிகையில் ஐந்துக்கு மேற்பட்ட சீட்டு கையிலிருந்தால், மிகுதியைக் கடைநிலையில் இருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டத்தில் கட்டாய தருமம் இது ஒன்றே.

ஐந்நூறு பக்கம் இரண்டு குவியலாய்ச் சுருங்கியதில் போனது என்ன? தாயகம் மறைந்த துயரம் போயிற்று. தோழருக்காக உயிரைக் கொடுக்கும் பாத்திரம் போயிற்று. எஞ்சியது ஆடுபவரின் பேராசை ஒன்றே, நகைப்பும் அதன்மீதே. தொல்காப்பியர் நகைச்சுவைக்கு நான்கு நிலைக்களன் வகுத்து, எள்ளலை முதலில் வைத்தார். இவ்வாட்டம் எள்ளுவது அந்த உலகத்தை அன்று. அதை ஆடிய நம்மையே. மாதக்கணக்கில் வீரம் பேசியவர், அரை மணியில் நண்பனை அரக்கன் வாயில் தள்ளிவிட்டுச் சிரிப்பதைக் காட்டிவிடுகிறது.

நம் நாட்டுப் பக்கத்திலும் கதை சீட்டானதுண்டு. தசாவதாரக் கஞ்சீபாவில் பத்து அவதாரத்துக்குப் பத்து இனம், இனத்துக்குப் பன்னிரண்டாக 120 வட்டச் சீட்டுகள். மைசூரின் மும்மடி கிருஷ்ணராச உடையார் இவற்றைப் பலவாறு பெருக்கி ஆடி மகிழ்ந்தவர். பகலில் ராமனுடைய சீட்டும் இரவில் கிருஷ்ணனுடைய சீட்டும் முதலில் இறங்கும் என்பது பல இடங்களில் உள்ள முறை. அங்கே கதை சுருங்கியது, பக்தி குறையவில்லை. மஞ்ச்கினில் பக்திக்கு இடமே வைக்கவில்லை. எனக்கு இரண்டும் வேண்டியவையே. என்றாலும் ஒன்று சொல்வேன்: மூல ஆட்டத்தை அறியாதவருக்கு இந்தச் சிரிப்பில் பாதிதான் கிடைக்கும். குறவன் குறத்தி வரும் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவன், மன்மதன் எரிந்ததைப் பார்த்தவன் ஆவானா?

மஞ்ச்கின் விதிநூலில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. விதிகளைப் பற்றிச் சச்சரவு எழுந்தால் உரக்க வாதாடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முடிவுச் சொல் சீட்டுக்கட்டின் சொந்தக்காரருடையது. தஞ்சைப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாய்ப் பிரிந்து விடியவிடிய லாவணி பாடி வாதாடுவார்கள். அங்கே முடிவுச் சொல் எவருடையதும் அன்று. அடுத்த ஆண்டு மாசியில் மறுபடியும் தொடங்குவார்கள். லயத்துக் காம்பராவில் 304 ஆடும் நால்வரோ, விளக்கில் எண்ணெய் தீரும்வரை வாதாடுவார்கள்.