எண்ணும்போதே மாறிய இடாப்பு
(மலையகத் தமிழரின் பிரசாவுரிமை வரலாறு பற்றிய ஓர் ஆய்வு)

மாந்தர் பெயர்களை வரிசைப்படுத்தி இடாப்பில் எழுதி வைத்தல் அரசாட்சியின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்றாகும். வரி வாங்குவதற்கும், படை திரட்டுவதற்கும், வாக்களிக்கும் உரிமையை வரையறுப்பதற்கும் இடாப்பு வேண்டப்படும். ஆயின், இடாப்பை எழுதுவது ஒரு தொழில். எழுதிய இடாப்பை முதலிலிருந்து இறுதிவரை ஒவ்வொரு பெயராக நோக்கித் தீர்ப்புக் கூறுவது வேறொரு தொழில். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமாயின் விளையும் கேடு யாது என்பதற்குக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் விடச் சிறந்த சான்று காண்டல் அரிது.

இக்கேட்டின் இயல்பைக் கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் நன்கு அறிவர். ஐந்து பெயர்கள் கொண்ட ஒரு நிரலைக் கணினி முதலாம் இடம், இரண்டாம் இடம் என முறையே நோக்கிச் செல்வதாகக் கொள்க. மூன்றாம் இடத்தை அடைந்தபோது அங்குள்ள பெயர் தகுதியற்றதென நீக்கப்படுகின்றது. உடனே நான்காம் பெயர் மூன்றாம் இடத்துக்கும், ஐந்தாம் பெயர் நான்காம் இடத்துக்கும் நகர்ந்துவிடும். கணினியோ மூன்றாம் இடம் முடிந்ததெனக் கருதி நான்காம் இடத்துக்குப் போகும். ஆங்கு நிற்பது முன்னர் ஐந்தாவதாயிருந்த பெயர். இடையில் நகர்ந்த பெயர் நோக்கப்படவுமில்லை, நீக்கப்படவுமில்லை. மாறாக, நோக்கும்போதே நிரலின் இறுதியில் புதுப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் வேலைக்கு முடிவே இராது. பைதன் மொழி இப்பிழையை யாதொன்றும் கூறாது கடந்து செல்லும். ஜாவா மொழியின் நிரல்கள் பெரும்பாலும் பிழையென அறிவித்து நின்றுவிடும். பரிகாரம் எளிது: நிரலைப் படியெடுத்துக்கொண்டு, அப்படியை நோக்கி, மூலத்தைத் திருத்துதல், அல்லது தகுதியுடையோரை வேறொரு புது நிரலில் எழுதிச் செல்லுதல்.

கணினி தோன்றுவதற்கு முன்னரே குடிசன மதிப்பாளர் இவ்வுண்மையை உணர்ந்திருந்தனர். மக்கள் பிறந்தும் இறந்தும் இடம் பெயர்ந்தும் மாறிக்கொண்டேயிருப்பர். ஆகையால் ஒரு குறித்த பொழுதை நிலைநாட்டி, அப்பொழுதில் உள்ளோரையே எண்ண வேண்டும் என்பது அவர்தம் விதி. இலங்கையில் முறையான குடிசன மதிப்பு 1871இல் தொடங்கிற்று.

கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் 1820களில் எழுந்தன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிலே தேயிலையைப் பயிரிட்டார். தென்னிந்தியாவினின்றும் வந்த தொழிலாளர் பெயர்கள் தோட்டந்தோறும் செக்குரோலில் ஏறின. காலைதோறும் பிரட்டுக்களத்திற் பெயர் பதிந்தாலன்றி அன்றைய கூலி இல்லை. அவர்தம் நலனைக் கவனிக்க இந்திய அரசின் முகவர் அலுவலகம் 1923இற் கண்டியில் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் அதுவே உதவி உயர்ஸ்தானிகராலயமாயிற்று. 1946ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் ஏறத்தாழ 780,000 பேர். தோட்டத்து இடாப்பிலும், குடிசன மதிப்பிலும், 1947ஆம் ஆண்டுத் தேர்தலின் தேருநர் இடாப்பிலும் இம்மக்கள் பெயர் இருந்தது.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாகக் கொண்டமையால், இவர்களுட் பெரும்பாலோர் பிரசைகளல்லர் ஆயினர். 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வழி திறந்தது. 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்ததை நிறுவின் பதிவு பெறலாம். இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆயின் அவ்விண்ணப்பங்கள் நோக்கப்படுவதற்கு முன்னரே, அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகளல்லாதோரைத் தேருநர் இடாப்பினின்றும் விலக்கியது. ஓர் இடாப்பின் தகுதியை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே அதனோடு இணைந்த மற்றோர் இடாப்பிற் பெயர்கள் வெட்டப்பட்டன. பின்னர்த் தகுதியுடையோரெனக் காணப்படவிருந்தவரும் இடைக்காலத்தில் வாக்கிழந்தனர்.

இதனை எதிர்த்து ருவன்வெல்லத் தொகுதி இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு இலங்கை உயர் நீதிமன்றத்திலும், 1953இற் பிரிவுக் கவுன்சிலிலும் தோல்வியுற்றது. 1952இல் இலங்கை இந்திய காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. எனினும் அவ்வாண்டுத் தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி எவரும் பாராளுமன்றம் புகவில்லை. இங்கே மற்றொரு முரண்பாடும் கருதத்தக்கது. தொகுதிகள் வகுக்கும்போது 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்னும் கணக்கில் இம்மக்களும் எண்ணப்பட்டனர். மலைநாட்டின் தொகுதிகளைப் பெருக்குதற்கு அவர் தொகை பயன்பட்டது. அத்தொகுதிகளில் வாக்களிக்க அவருக்கு இடமில்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 825,000 பேர் சார்பாக விண்ணப்பங்கள் வந்தன. ஆண்டுகள் பல கடந்து முடிவு கூறியபோது பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. விண்ணப்பம் ஒன்று பத்தாண்டு கிடப்பின் அதிற் குறித்த குடும்பம் வேறாகிவிடும்: குழந்தை வயது வந்து மணஞ் செய்யும், முதியோர் மறைவர், தொழிலாளி அயல் தோட்டத்துக்குப் பெயர்வார். தெல்தோட்டையிற் பதிந்த பெயரைத் தேடிச் செல்லும் கடிதம் அவர் புசல்லாவைக்குப் பெயர்ந்ததை அறியாது. நோக்குவோன் கையிலுள்ள நிரல் ஒன்று, மலையில் வாழும் மக்கள் வேறு.

1964 அக்டோபர் 30இற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இச்சிக்கலை எண்ணால் தீர்க்க முனைந்தது. நாடற்றோர் 975,000 பேரெனக் கொண்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் ஆராய்வதெனவும் இணங்கினர். 1974இல் எஞ்சியோர் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண் இருந்தது, எவர் எப்பக்கத்தார் என்னும் பெயர் நிரல் இல்லை. விண்ணப்பம் கோரியபோது, 1970 வரையில் இந்தியப் பிரசாவுரிமையை ஏறத்தாழ 400,000 பேரே விரும்பினர். இலங்கையை வேண்டியோர் 600,000க்கும் மேற்பட்டோர். எண்ணுக்கு மக்களைப் பொருத்துதலே எஞ்சிய வேலையாயிற்று.

அன்றியும், ஒப்பந்தம் இயற்கைப் பெருக்கத்தையும் இரு பங்கோடும் சேர்த்தது. பிறக்கும் குழந்தைகளை மறவாமை அறமே; ஆயின் பதினைந்தாண்டு நீளும் வேலையில் நிரலின் இறுதி ஆண்டுதோறும் தள்ளிப்போயிற்று. எழுவர் இந்தியாவுக்கு, நால்வர் இலங்கைக்கு என்னும் விகிதமோ ஒரு நிரலின் வேகத்தை மற்றதன் வேகத்தோடு கட்டிவைத்தது. இதற்கிடையிற் காணிச் சீர்திருத்தத்தின்கீழ்த் தோட்டங்கள் கைம்மாறின. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாற் குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. ஒப்பந்தக் காலம் 1981இல் முடிந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேசுவரக் கப்பற்சேவை நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டும் காலடியில் இலங்கை மண்ணுமாக எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கினர். அவர்கள் ஒரு நிரலில் வெட்டப்பட்டு, மற்றதில் ஏறாது, நோக்குவோன் தாண்டிச் சென்ற பெயர்கள் ஆவர்.

இக்கேடு முறையின் பிழையன்று, அரசியல் நோக்கத்தின் விளைவே எனச் சிலர் கூறக்கூடும். நோக்கம் உண்டென்பதை மறுத்தல் இயலாது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு வலிமையைக் கண்டு அஞ்சியோர் இருந்தனர். ஆயினும் நோக்கம் மாறிய பின்னரும் கேடு நீங்கவில்லை. 1986இலும் 1988இலும் எஞ்சியோர்க்கு உரிமை வழங்கவே சட்டங்கள் இயற்றப்பட்டன; அவற்றின் பின்னும் பல்லாயிரவர் நாடற்றோராகவே இருந்தனர். நன்னோக்கமும் தவறான முறையாற் பயனிழக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிவைக் கண்டது 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமாகும். எத்துணைப் பேர் என்று அது கேட்கவில்லை. எந்நாள் என்று கேட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதியும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாவர் என விதித்தது. பழைய நிரல்களைத் திருத்திக்கொண்டிராது, ஒரு நாளை நிலைநாட்டிப் புது நிரல் எழுதியதே அதன் சிறப்பு. இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் உறுதிமொழி அளித்து அதனுட் புகுந்தனர். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகரகத்தின் துணையோடு தோட்டங்களில் நடந்த பதிவியக்கத்திற் பத்து நாட்களளவில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டு முடியாத வேலை இத்துணை விரைவில் முடிந்தமை சிந்திக்கத்தக்கது.

இவ்வரலாறு அரசினர்க்கு மட்டும் உரிய பாடமன்று. பாடசாலை வரவிடாப்பு முதலாக நலனுதவி பெறுவோர் நிரல் ஈறாக, பெயர் எழுதும் கை எதுவாயினும் அதற்கு இது பொருந்தும். திருத்துவதற்கு முன் ஒரு நாளைக் குறித்துப் படியெடுத்தல் வேண்டும். வெட்டப்படும் பெயர் வேறெங்கே சேர்கின்றது என்பதை உறுதிசெய்த பின்னரே வெட்டுதல் வேண்டும். கணினி தாண்டிச் சென்ற பெயரை மறுநாள் மீண்டும் ஓட்டித் திருத்திவிடலாம். மலையகத்தில் தாண்டப்பட்ட பெயர்களுக்குரியோருட் பலர், தம் பெயர் எழுதப்படும் நாளைக் காணாமலே அம்மண்ணில் அடங்கினர்.