ஹேக் நகருக்குச் சென்ற குளங்கள்: பேராசிரியர் வீரமந்திரியின் சட்ட நோக்கு

இலங்கையின் புராதன குளங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் எழுதியவை பல. அக்குளங்களைச் சர்வதேச நீதிமன்றின் ஏடுகளிற் சட்டச் சான்றாக இடம்பெறச் செய்தவரோ ஒரு சட்டப் பேராசிரியராவார். 1926 இல் கொழும்பிற் பிறந்த சி. ஜி. வீரமந்திரி, வழக்கறிஞராகவும் சட்டக் கல்லூரி விரிவுரையாளராகவும் பணிபுரிந்து, 1967 முதல் 1972 வரை இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். நீதியாசனத்தினின்று விரிவுரை மண்டபத்துக்குச் செல்வோர் நம்மிடையே மிகச் சிலரே.

ஒப்பந்தச் சட்டம் பற்றிய பெருநூலால் அறியப்பட்டிருந்த அவரது நோக்கு, மொனாஷிற் கழிந்த ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் விரிவடைந்தது. தென்னாபிரிக்க நிறவெறி பற்றியும் இஸ்லாமியச் சட்டவியல் பற்றியும் நூல்கள் எழுதினார். பொசுபேற்று அகழ்வாற் பாழான நவுறுத் தீவின் நிலங்களுக்கு யார் பொறுப்பு என ஆராய்ந்த ஆணைக்குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1991 இற் சர்வதேச நீதிமன்ற நீதிபதியானபோது இவ்வனுபவம் யாவும் அவருடன் சென்றது.

தன்யூப் நதி அணைத்திட்டம் தொடர்பாக ஹங்கேரிக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையே எழுந்த வழக்கில் 1997 இற் தீர்ப்பு வழங்கப்பட்டது. பெரும்பான்மையோர் நிலைபேறான அபிவிருத்தியை ஒரு கருத்தாக மட்டுமே குறிப்பிட்டனர். வீரமந்திரியோ, தமது தனித் தீர்ப்புரையில், அது சட்டத் தத்துவமேயென வாதித்தார். ஐரோப்பிய நதியொன்றைப் பற்றிய வழக்கில் அவர் காட்டிய சான்றுகளுள் முதன்மையானவை இலங்கையின் நீர்ப்பாசன மரபு சார்ந்தவை: மண்ணரிப்பைத் தடுக்கும் குளங்கள், வனவிலங்குகளுக்கென அமைந்த காட்டுக்குளங்கள், பராக்கிரமபாகுவின் நீர்க்கொள்கை ஆகியன. பாரசீகத்தின் நிலத்தடிக் கால்வாய்களும் கிழக்காபிரிக்க மக்களின் வாய்க்கால்களும் அவற்றுடன் சேர்ந்தன. சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவின் சொத்தன்று என்பதே இதன் உட்கிடை. 1996 இல் அணுவாயுதம் பற்றிய ஆலோசனைக் கருத்துக்கு அவர் எழுதிய மாறுபட்ட உரையில் இராமாயணமும் மகாபாரதமும் இடம்பெற்றமையும் இந்நோக்கினாலேயே.

எனினும், வரலாற்று மாணவர் இங்கு ஒரு வினாவை எழுப்பாதிருக்க முடியாது. மன்னர் புகழ் பாடும் வரலாற்றேடுகளை வீரமந்திரி பெரிதும் நம்பினார். குளங்களைக் கட்டியோரின் கட்டாய உழைப்பு அவர் உரையிற் போதிய இடம்பெறவில்லை. மன்னன் நிலத்தின் காவலன் மட்டுமே என்ற போதனையை அவர் எடுத்தாண்டார். அப்போதனை நடைமுறையில் எவ்வளவு பேணப்பட்டது என்பது கல்வெட்டுகளைக் கொண்டு சோதிக்கப்படவேண்டியது. தனித் தீர்ப்புரை எவரையும் கட்டுப்படுத்துவதுமன்று. ஆயினும், 2017 இல் அவர் மறைந்த பின்னரும் சுற்றாடற் சட்டம் கற்போர் அவ்வுரையையும் அதனூடாக நமது குளங்களையும் படித்து வருகின்றனர்.